கல்லுக்குள் ஒளிந்திருக்கும் உலோகம்

அண்மையில் எங்கள் தோட்டத்துத் தாய் ஒருவர் என்னைத் தேடி வந்தார். பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். மகள் ஜொகூர், ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்றுவிட்டாள். சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை ஒன்று காத்திருக்கிறது. அவளோ, இன்னும் இரண்டு ஆண்டுகள் அங்கேயே ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்கிறாள்.

“சார், ஏதோ கல்லாம். அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உலோகம் இருக்காம். அதைப் பார்க்கப் போறேங்கிறா. தெரியாததை எப்படிப் பார்க்கிறது? பார்த்துத்தான் யாருக்கு என்ன லாபம்?” என்று கேட்டார்.

இரண்டும் நல்ல கேள்விகள். அவருக்குச் சொன்ன பதிலையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கல்லைப் பற்றிப் பார்ப்போம். அதன் பெயர் ஜியோலைட். 1756-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் குரோன்ஸ்டெட் ஒரு கல்லைச் சூடாக்கினார். கல் கொதிப்பதுபோல் அதிலிருந்து நீராவி கிளம்பியது. எனவே, ‘கொதிக்கும் கல்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அதற்குப் பெயரிட்டார். கல்லுக்குள் தண்ணீர் எப்படி வந்தது? அது முழுவதும் நுண்ணிய அறைகளும் வாசல்களும் கொண்ட கல். அந்த அறைகளில் தண்ணீர் தங்கியிருந்தது.

அந்த வாசல் எவ்வளவு சிறியது தெரியுமா? ஒரு மில்லிமீட்டரைக் கோடிப் பங்காக்கினால், அதில் நான்கு பங்கு அகலம்! ஆலைகளில் செய்யப்படும் ‘ஏ’ வகை ஜியோலைட்டின் கணக்கு இது.

ஜியோலைட்டின் சுவர்கள் சிலிகான், அலுமினியம், ஆக்சிஜன் ஆகிய அணுக்களால் ஆனவை. அலுமினியம் இருக்கும் இடந்தோறும் சுவரில் ஓர் எதிர்மின்னேற்றம் மிஞ்சும். அதை ஈடுசெய்ய நேர்மின்னேற்றம் உள்ள ஓர் அணு அங்கே வந்து அமர வேண்டும். மின்னேற்றம் உள்ள அணுவை அயனி என்கிறோம். சோடியம், பொட்டாசியம், கால்சியம், துத்தநாகம், செம்பு போன்ற உலோகங்களின் அயனிகள் இவ்வாறு வந்து அமரும். சுவரோடு ஒட்டிப் போகாமல், ஒன்று எழுந்தால் மற்றொன்று அமரக்கூடிய வகையில் அவை இருக்கும்.

எந்த உலோகம் அமர்கிறதோ, அதற்கேற்பக் கல்லின் குணமும் மாறும். ‘ஏ’ வகையில் சோடியம் இருந்தால் வாசல் நான்கு பங்கு. உருவில் பெரிய பொட்டாசியம் வந்தால் வாசல் மூன்று பங்காகக் குறுகும். இரண்டு சோடியம் செய்யும் வேலையை ஒரே கால்சியம் செய்துவிடும். ஆகவே கால்சியம் வந்தால் சில இடங்கள் காலியாகி, வாசல் ஐந்து பங்காக விரியும். கல் ஒன்றுதான். ஆனால் எந்த மூலக்கூறு உள்ளே போகலாம், எது போகக்கூடாது என்பதை அந்த உலோகமே தீர்மானிக்கிறது.

சரி, அதை எப்படிப் பார்ப்பது? அடுப்பின் முன் கையை நீட்டினால், தொடாமலேயே சூடு தெரிகிறது அல்லவா? அந்தச் சூட்டைக் கொண்டு வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். வில்லியம் ஹெர்ஷல் 1800-இல் சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, சிவப்பு நிறத்துக்கு அப்பால் வெறுமையாகத் தெரிந்த இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கும் சூடு ஏறியது. அந்தக் கதிர் அப்படித்தான் அகப்பட்டது.

மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை. சுருள்கம்பியில் கோத்த இரண்டு குண்டுகளைப்போல் அதிர்ந்துகொண்டே இருக்கும். அவற்றில் பலவும் தத்தம் அதிர்வுக்குப் பொருந்திய அகச்சிவப்புக் கதிரை மட்டும் விழுங்கும். எந்தக் கதிர் குறைந்து வந்தது என்று கருவி காட்டிவிடும்.

ஆனால் உலோக அயனி தனி அணு. இப்படி அதிரும் சுருள்கம்பி அதற்குள் இல்லை. ஆகவே அறிஞர்கள் ஓர் உபாயம் செய்தார்கள். குணம் தெரிந்த ஒரு விருந்தாளியை உள்ளே அனுப்பி, அவனிடம் ஏற்படும் மாற்றத்தைக் கொண்டு வீட்டுக்காரரை அறிந்துகொள்கிறார்கள்.

கார்பன் மோனாக்சைடு அப்படி ஒரு விருந்தாளி. மூடிய அறையில் கரி மூட்டினால் உயிரைக் குடிக்கும் வாயு அதுதான். ஜியோலைட் தூளை மெல்லிய வில்லையாக அழுத்தி, காற்றில்லாத கலத்தில் சூடாக்கி, உள்ளிருக்கும் தண்ணீரை வெளியேற்றுகிறார்கள். பிறகு மிகச் சிறிதளவு வாயுவை விட்டு, கதிரைச் செலுத்துகிறார்கள். தனித்திருக்கும் கார்பன் மோனாக்சைடு, ஒரு சென்டிமீட்டரில் 2143 அலைகள் அடங்கும் கதிரை ஒட்டி விழுங்கும். சோடியத்தின்மேல் அமர்ந்தால் அந்த எண் 2170-க்கு மேல் ஏறும். இரட்டை மின்னேற்றமுள்ள கால்சியத்தின்மேல் அமர்ந்தால் 2190-ஐத் தாண்டும். ஒற்றை மின்னேற்றமுள்ள செம்பு, இசட்எஸ்எம்-5 என்ற வகை ஜியோலைட்டில் இருந்தால் 2157-ஐ ஒட்டி நிற்கும். எண்ணைப் பார்த்தால் உள்ளே யார் என்று தெரியும். விழுங்கிய அளவைப் பார்த்தால் எத்தனை பேர் என்று கணிக்கலாம். தொலைபேசியில் பிள்ளையின் குரல் கொஞ்சம் மாறினாலே என்னவோ நடந்திருக்கிறது என்று தாய் கண்டுபிடித்துவிடுகிறாள் அல்லவா? இதுவும் அதுபோலத்தான்.

இனி இரண்டாவது கேள்வி: யாருக்கு என்ன லாபம்?

வெட்டிய பால் கெட்டியாகாமல் இருக்க ஊற்றும் அமோனியாவின் நெடி நமக்குப் பழக்கமானது. டீசல் லாரியின் புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகள் என்னும் வாயுக்கள் உண்டு. அவை நுரையீரலுக்குக் கேடு. இன்றைய பல லாரிகளின் புகைக்குழாயில் செம்பு அயனி ஏற்றிய ஜியோலைட் வைக்கப்படுகிறது. யூரியாக் கரைசலிலிருந்து பிறக்கும் அமோனியா அங்கே அந்த நச்சு வாயுக்களோடு சேர்ந்து, அவற்றைத் தீங்கில்லாத நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. செம்பு தன் இடத்தில் தனித்தனியாக அமர்ந்திருந்தால்தான் இந்த வேலை நன்றாக நடக்கும். நாள்பட்ட சூட்டில் இடம்பெயர்ந்து ஒன்றாகத் திரண்டுவிட்டால் வேலை கெட்டுவிடும். அது திரண்டதா, இருந்த இடத்தில் இருக்கிறதா என்பதைக் கண்டறிய உதவும் வழிகளில் ஒன்றுதான் நான் சொன்ன அகச்சிவப்புச் சோதனை. லாரி ஓடும் சாலையோரத்தில் குடியிருக்கும் நமக்கு இது அந்நியமான விஷயமா?

ஸ்கூடாயிலும் இந்தத் துறையில் வேலை நடந்திருக்கிறது. நெல் உமியை எரித்த சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. அதிலிருந்து ஜியோலைட் செய்யும் ஆய்வைப் பேராசிரியர் ஹலிமாத்தோன் ஹம்டானும் சகாக்களும் 1997-இல் வெளியிட்டார்கள். ஜியோலைட்டில் துத்தநாக அயனி எங்கே அமர்கிறது என்பதையும் அங்குள்ள ஆய்வாளர்கள் அகச்சிவப்புக் கதிரால் ஆராய்ந்திருக்கிறார்கள். நம்மவர்களும் இத்துறையில் உண்டு. தமிழரான பால் இரத்தினசாமி, இந்தியாவின் புனே நகரிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஜியோலைட் வினையூக்கிகளை உருவாக்கி, பின்னர் அதன் இயக்குநராகவும் விளங்கினார்.

எல்லாவற்றையும் கேட்ட அந்தத் தாய், “அப்போ அவ சும்மா சொல்லலை” என்றார். சிறிது நேரம் கழித்து, “ஆனா ரெண்டு வருஷம் வீட்டுச் செலவு இருக்கே சார்” என்றும் சொன்னார்.

அதுவும் உண்மைதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கணக்கை அவர்கள் வீட்டில்தான் போட வேண்டும். நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: மகளை எதிரே உட்காரவைத்து, எனக்குப் புரியும்படி தமிழில் சொல் என்று கேளுங்கள். வேண்டாம் என்பதானாலும், எதை வேண்டாம் என்கிறோம் என்று தெரிந்து சொல்லுங்கள்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் புரியாத படிப்பின் பெயரைச் சொல்லும் பிள்ளை இருக்கலாம். ‘எப்படி?’ என்றும், ‘யாருக்கு லாபம்?’ என்றும் அந்தத் தாயைப்போல் கேளுங்கள். பதில் சொல்லப் பழகும் பிள்ளை தன் பாடத்தையும் தெளிவாகக் கற்றுக்கொள்ளும்.