மீட்கப்பட்ட வாகனமும் காப்புறுதியும்

களவுபோன மோட்டார் சைக்கிள் சேதமடைந்து மீட்கப்பட்டால், இழப்பீடு கிடைக்குமா என்பதை உரிமையாளரின் காப்புறுதி வகையே முதலில் தீர்மானிக்கிறது. இலங்கைச் சட்டம் கட்டாயமாக்கியுள்ள மூன்றாந் தரப்புக் காப்புறுதி, அதாவது வாகனத்தால் பிறருக்கு நேரும் பாதிப்பை மட்டும் ஈடுசெய்யும் ஒப்பந்தம், களவையோ சொந்த வாகனத்தின் சேதத்தையோ பொறுப்பேற்பதில்லை. முழுமையான காப்புறுதியும், பங்களிப்பாளர் கூட்டு நிதியான தகாஃபுலில் அதற்கு நிகரான திட்டமுமே பொதுவாக அவற்றை உள்ளடக்குகின்றன.

கல்முனைச் சந்தையருகே களவுபோன மோட்டார் சைக்கிளொன்று பற்றரியும் கண்ணாடியும் இன்றி மீட்கப்பட்டதாகக் கொண்டால், பொலிஸார் அதனை வழக்கின் சான்றுப்பொருளாகக் கொண்டு, நீதவான் நீதிமன்றம் விடுவிக்கக் கட்டளையிடும்வரை தம் பொறுப்பில் வைத்திருக்கக்கூடும். கடற்கரை உப்புக்காற்று அந்த இடைவெளியில் துருவைப் பெருக்குமாதலால், மீட்கப்பட்ட நிலையைப் படம்பிடித்து, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியுடன் காப்புறுதி நிறுவனத்திற்குத் தாமதமின்றி அறிவிப்பது உரிமையாளருக்கு மிகவும் அவசியமாகும். சேதத்தை அளவிடும் மதிப்பீட்டாளர் பார்வையிடும் முன் பழுதுபார்க்கலாகாது. பார்வையிட்ட பின்னரே கராஜுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். களவுக்கான முழு இழப்பீடும் ஏற்கெனவே வழங்கப்பட்டிருந்தால், மீட்கப்பட்ட வாகனம் பொதுவாக நிறுவனத்தையே சேரும். கோரிக்கையை நிறுவனம் இறுதியாக நிராகரித்தால், கொழும்பிலுள்ள காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் எழுத்துமூலம் முறையிடலாம்.