மூட்டை தூக்கியவர் எடுத்த சினிமா

(வாசகசாலைக் கூட்டமொன்றில் பேசியது)



சினிமாவைப் பற்றி நம்மில் அநேகருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. எனக்கும் அதிகமில்லை. ஆனாலும் இன்று ஒரு சினிமாக்காரரைப் பாராட்டவே வந்திருக்கிறேன்.

அவர் பேர் உஸ்மான் செம்பேன். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், 1960 வரையில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட செனகல் தேசத்தில், மீன் பிடிக்கும் ஒருவருக்கு மகனாக 1923ல் பிறந்தார். வெள்ளைக்காரத் தலைமையாசிரியரோடு கைகலந்ததால் பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்தப்பட்டவர் என்று சொல்லுகிறார்கள். அத்துடன் படிப்பு சரி. மீன் பிடித்தார், கொத்து வேலை செய்தார், 1944ல் பட்டாளத்திலும் சேர்க்கப்பட்டார். யுத்தம் முடிந்தபின் மார்ஸேல்ஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அங்கே தொழிற்சங்கத்தில் சேர்ந்து, கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்தார். முதுகெலும்பில் அடிபட்டுக் கனமான வேலை செய்ய முடியாமற் போகவே, எழுத ஆரம்பித்தார். 1956ல் முதல் நாவல். 1960ல், டக்கார்-நைஜர் ரயில் தொழிலாளர் 1947ல் செய்த வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பெரியதொரு நாவல்.

பேரும் வந்தது. வேறொருவராயிருந்தால் அத்தோடு திருப்தியடைந்து, மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவரோ, "பிரெஞ்சில் எழுதுகிறோமே, நம் ஜனங்களில் எத்தனை பேர் இதைப் படிப்பார்கள்?" என்று யோசித்தார். எழுத்தறியாதவனுக்கும் கண்ணும் காதும் உண்டல்லவா? ஆகவே 1962ல் மாஸ்கோவுக்குப் போய்ப் படமெடுக்கக் கற்றுக்கொண்டு, நாற்பதாவது வயதில் முதல் படத்தை எடுத்தார். சினிமா என்பது இராப் பள்ளிக்கூடம் என்பது அவர் கொள்கை.

அந்த முதல் படம், 1963ல் எடுத்த 'போரோம் சாரே', இருபது நிமிஷந்தான். டக்கார் பட்டணத்தில் ஒரு குதிரை வண்டிக்காரன். காலையில் தொழுதுவிட்டு, தாயத்துகளையும் நம்பிக்கொண்டு புறப்படுகிறான். கிடைத்த சொற்பக் கூலியைக்கூட, "உன் பாட்டன் வீரன், பூட்டன் சூரன்" என்று வழியில் புகழ்ந்து பாடுகிறவனுக்குக் கொடுத்துவிடுகிறான்! பிறகு, பெரிய மனிதர் வசிக்கும் வீதிக்குள் வண்டி வந்தது குற்றமென்று போலீஸ்காரன் வண்டியையே பறித்துக்கொள்கிறான். வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். மனைவி குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு, இன்றிரவு சாப்பிடுவோம் என்று சொல்லி வெளியே போகிறாள். எங்கே போகிறாள் என்று படம் சொல்லவில்லை. தோழர்களே! அவனுடைய பாட்டன் பெருமையும் தாயத்தும் அங்கே என்ன வேலை செய்தன என்று யோசித்துப் பாருங்கள்.

1966ல் எடுத்த படத்தில், பிரான்சுக்கு வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட கறுப்புப் பெண் துரைசானியின் வீட்டில் அடிமைபோல் அடைபட்டு உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அவளுக்குச் சேரவேண்டிய சம்பளத்தைத் துரை கொண்டுவந்து கொடுக்கும்போது, தாய் அதைத் தொட மறுக்கிறாள். 1968ல் எடுத்த 'மண்டாபி'யில் ஜனங்கள் தங்கள் சொந்த பாஷையான வோலோப்பிலேயே பேசினார்கள். 25,000 பிராங்கு மணியார்டர் வந்தும், அடையாளச் சீட்டு இல்லாத காரணத்தால் அதை வாங்க முடியாமல் ஒரு ஏழை ஆபீசு ஆபீசாய் அலையும் கதை அது. முன்பு உத்தியோகஸ்தன் வெள்ளையன், இப்போது கறுப்பன், அவ்வளவுதான் வித்தியாசம். 1975ல் எடுத்த 'ஹாலா'வில், மூன்றாம் பெண்டாட்டி கட்டிய பணக்காரனுக்கு ஆண்மை போய், மந்திரக்காரர் வீடுகளுக்கு நடையாய் நடக்கிறான். சர்க்கார் சில காட்சிகளை வெட்டிற்று. செம்பேன் சும்மா இருக்கவில்லை. வெட்டுண்ட காட்சிகள் இன்னின்னவென்று அச்சடித்து ஜனங்களுக்கு விநியோகித்துவிட்டார்!

நிற்க. இவர் வெள்ளைக்காரனை மட்டும் வைதிருந்தால், சுதேச சர்க்காரே பல்லக்கில் வைத்துத் தூக்கியிருக்கும். 1977ல் 'செட்டோ' வந்தது. அதில் பழைய காலத்து ஊரொன்றில் முஸ்லிம் மதகுரு ஆட்சியைப் பிடித்து, ஜனங்களின் தலையை மழித்து, பேரை மாற்றி, மதத்தில் சேர்க்கிறார். அதே ஊரில் பாதிரியும் இருக்கிறார். துப்பாக்கி கொடுத்து மனிதரை வாங்கும் வெள்ளை வியாபாரியும் இருக்கிறான். முடிவில் அரசகுமாரி அந்த மதகுருவைச் சுட்டுவிடுகிறாள். முஸ்லிம்களே மிகுந்த தேசத்தில், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் எடுத்தது இது. சர்க்கார் தடை செய்தது. காரணம் என்ன தெரியுமா? படத்தின் பேரில் ஓரெழுத்து இரட்டித்திருக்கிறதாம், அது இலக்கணப் பிழையாம்! அப்போது தேசத் தலைவரோ பிரெஞ்சில் கவி பாடும் பண்டிதர். ஓரெழுத்தை எடுக்கச் செம்பேனும் சம்மதிக்கவில்லை. "அந்நியன் போகட்டும், மதச் சங்கதியைப் பிறகு பார்ப்போம்" என்கிறவர்கள் இப்படத்தை இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

அவர் படங்கள் எல்லாம் ஒரே தரமென்று நான் சொல்ல வரவில்லை. சிலவற்றில் நடை மந்தம், பேச்சு அதிகம். ஆனால் 2004ல், எண்பது வயது கடந்தபின் எடுத்த 'மூலாதே'யில் தளர்ச்சியே இல்லை. சிறு பெண்களின் மறைவிடத்தை அறுக்கும் கொடிய வழக்கத்துக்குப் பயந்து ஓடிவந்த நால்வருக்குக் கோலே என்னும் பெண் அடைக்கலம் கொடுக்கிறாள். அவளும் அறுக்கப்பட்டவள், அதனால் பிரசவத்தில் பட்டபாடு தெரிந்தவள். வாசலில் ஒரு வண்ணக் கயிறு கட்டுகிறாள். தாண்டினால் சாபம் என்பது ஊர் நம்பிக்கை. மூட நம்பிக்கையைக் கொண்டே மூட வழக்கத்தைத் தடுக்கிறாளே என்று நாம் கேட்கலாம்; கையில் கிடைத்த ஆயுதம் அது. புருஷன் ஊரார் முன்னே சவுக்கால் அடித்தும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. பெண்களுக்கு இந்தத் துணிவு ரேடியோ கேட்டு வந்ததென்று நினைத்த ஆண்கள், வீடுவீடாய் ரேடியோப் பெட்டிகளைப் பிடுங்கி மசூதிக்கு முன் குவித்துத் தீ வைக்கிறார்கள். குவியலில் கிடக்கும் பெட்டிகளோ பேசிக்கொண்டே இருக்கின்றன.

செம்பேன் 2007ல் காலமானார். தம் படங்களைத் தாமே கிராமங்களுக்கு எடுத்துப்போய்க் காட்டி, முடிந்தபின் ஜனங்களோடு வாதம் செய்வது அவர் வழக்கமாயிருந்தது. தோழர்களில் யாருக்கேனும் 'மூலாதே' கிடைக்குமானால், ஆண்கள் மட்டும் கூடிப் பார்க்காமல், வீட்டுப் பெண்களை முன் வரிசையில் உட்கார வைத்துக் காட்டுங்கள்.