டிரம்பெட் பழக ஓர் இடம்
(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)

டிரம்பெட் பழகும் நம் பிள்ளைகள் மீது புகார் வந்திருக்கிறது. சத்தம் அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் இது மதுரை. 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜிக்காக நாகஸ்வரம் வாசித்த எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் நம் ஊர்க்காரர்கள். சாதகம் செய்யாமலா அந்த வாசிப்பு வந்திருக்கும்?

டிரம்பெட்டில் நாதம் பிறப்பது உதடு அதிர்வதால். உதடு சீக்கிரம் களைத்துவிடும். மணிக்கணக்கில் ஊத முடியாது. ஊதுவதும் ஓய்வுமாக அரை மணி நேரம் போதும், ஆனால் நாள் தவறக் கூடாது. புனல் போன்ற முன்பக்கத்தில் செருகும் 'மியூட்' சத்தத்தை நன்றாகக் குறைக்கும். பெற்றோர் வாங்கிக் கொடுங்கள். அதையே எப்போதும் போட்டு ஊதினால் இயல்பான நாதம் பிள்ளைகளுக்குப் பிடிபடாது. அதனால் மாலை ஐந்தரை முதல் ஆறு வரை கம்யூனிட்டி ஹாலைக் கேட்கிறேன். பொதுத்தேர்வு நாட்களில் வேண்டாம்.

சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் இன்றே பேசிவிடுவோம்.