மறியலுக்கு முன்னால் வந்த மனு



இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே, உங்களில் பலருக்கு இந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கான 20 சதவீத ஒதுக்கீட்டில். அது வந்த வழியை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1980-இல் வன்னியர் சங்கம் தொடங்கப்பட்டது. தனி ஒதுக்கீடு கேட்டு மாநாடு நடத்தினார்கள், மனு கொடுத்தார்கள். 1986-இல் ஒரு நாள் சாலை மறியல், பிறகு ஒரு நாள் ரயில் மறியல். கோட்டையிலிருந்து பதில் வரவில்லை. 1987 செப்டம்பர் 17 முதல் ஒரு வாரம் வட மாவட்டங்கள் முடங்கின. சாலையோரத்துப் புளிய மரங்களை வெட்டி நெடுஞ்சாலையின் குறுக்கே சாய்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தவர்களாக இன்று நினைவுகூரப்படுவோர் 21 பேர். அதே வாரத்தில் பல ஊர்களில் சேரிக் குடிசைகள் எரிந்தன. வேலை கேட்டுக் கிளம்பிய கோபம், வேலையே இல்லாத இன்னொருவன் கூரையில் போய் விழுந்தது. 1989-இல் ஆட்சி மாறிய பிறகு ஒதுக்கீடு வந்தது. உயிரிழந்த 21 பேருக்கு 2025-இல் விழுப்புரத்தில் மணிமண்டபமும் திறந்தாகிவிட்டது. எரிந்த குடிசைகளை நினைவுகூர, எனக்குத் தெரிந்து, ஒரு கல்கூட இல்லை.

வன்முறையால் எதுவும் கிடைக்காது என்று மேடையில் சொல்வது எளிது. உங்களிடம் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 1987 மறியலுக்குப் பலன் கிடைத்தது. ஆனால் ஏழு ஆண்டு மனுவுக்கு அசையாத அரசு மரம் விழுந்ததும் அசைந்தது என்றால், அடுத்து வருகிறவனுக்கு அந்த அரசு கற்றுக்கொடுத்த பாடம் என்ன? அதைப் பிறகு எல்லாக் கட்சிகளும் நன்றாகவே படித்துக்கொண்டன.

2000 பிப்ரவரி 2. ஜெயலலிதாவுக்கு நீதிமன்றம் தண்டனை விதித்த நாள். தருமபுரி இலக்கியம்பட்டியில், கல்விச் சுற்றுலா முடிந்து திரும்பிய கோவை வேளாண் பல்கலைக்கழகப் பேருந்துக்கு அவரது கட்சிக்காரர்கள் தீ வைத்தார்கள். இன்னொரு பேருந்தில் வந்த மாணவர்கள் கண்ணாடியை உடைத்து உள்ளே இருந்தவர்களை வெளியே இழுத்தார்கள். பலர் பிழைத்தார்கள். மூன்று மாணவிகள் கருகிப் போனார்கள். உங்கள் வயதுப் பிள்ளைகள். தீ வைத்தவர்களுக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை. தலைமையின் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான். தூக்குத் தண்டனை பெற்ற மூவரும், அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 2018-இல் வெளியே வந்துவிட்டார்கள். 1987-இல் மறியலுக்குப் போனவனையும் இவர்களையும் ஒரே தராசில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. ஆனாலும் பொதுச் சொத்தையும் சாலையையும் பணயம் வைத்தால் மேலிடம் திரும்பிப் பார்க்கும் என்ற நம்பிக்கை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இப்போது நம் திருவண்ணாமலை மாவட்டத்துக்கே வருகிறேன். செய்யாறு அருகே மேல்மாவில், சிப்காட் தொழிற்பேட்டைக்கு விளைநிலம் தர மாட்டோம் என்று 2023 ஜூலையில் விவசாயிகள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். நூறு நாளுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். நவம்பரில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. கள்ளச்சாராயக்காரருக்கும் ரவுடிக்கும் என்று 1982-இல் கொண்டுவந்த சட்டம் அது. பல தரப்பிலும் கண்டனம் எழுந்த பிறகு ஆறு பேர் மீதான உத்தரவை அரசு விலக்கிக்கொண்டது. பந்தலில் உட்கார்ந்தவனைக் குண்டர் என்று எழுதிய கை, நாளைக்குக் கல்லெடுப்பவனை என்னவென்று எழுதும்? அமைதியாகக் கேட்பவனுக்கு இந்த மரியாதை என்றால், அமைதியைப் பற்றி அவனுக்கு வகுப்பெடுக்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

உங்களில் சிலர் கிராம நிர்வாக அலுவலர் ஆவீர்கள். சிலர் காக்கி போடுவீர்கள், சிலர் தாலுகா அலுவலகத்தில் உட்காருவீர்கள், சிலர் செய்தி எழுதுவீர்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஒரு கிழவி மனுவோடு வந்து நிற்பாள். ஏற்கெனவே நாலு முறை கொடுத்த மனுவாக இருக்கும். முத்திரை குத்தி அடுத்த மேசைக்குத் தள்ளிவிடாதீர்கள். படியுங்கள். முடியுமா முடியாதா என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நிருபராகப் போகிறவர்கள், பேருந்து எரிந்த பிறகு ஓடாமல், பந்தல் போட்ட முதல் நாளே போய் உட்காருங்கள். எந்தக் கட்சிக்காரன் பெட்ரோல் கேனை நீட்டினாலும் வாங்காதீர்கள். தருமபுரியில் இறந்த மூவரும் பட்டம் வாங்கியிருக்க வேண்டியவர்கள்.