டீயோடு வரும் சிகரெட்

மணவாள நகரில் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. நைட் ஷிஃப்ட் முடிந்து ஒரு தம்பி இறங்கியதும் டீக்கடை. ஒரு கையில் டீ, மறு கையில் சில்லறையாக வாங்கிய ஒரே ஒரு சிகரெட். "நான் என்ன பாக்கெட் பாக்கெட்டாவா ஊதறேன்?" என்பார் அந்தத் தம்பி.

தம்பி, தினம் ஒன்று பிடித்தாலும் மாரடைப்பு அபாயம் நன்றாகவே கூடுகிறது.

ஆனால் எப்போதாவது பிடிப்பவரிடம் உடம்பைவிடப் பழக்கம்தான் அதிகம் கேட்கிறது. டீ கேட்கிறது. பெஞ்சு கேட்கிறது. பக்கத்தில் நிற்கும் கூட்டாளி கேட்கிறார். அதனால் இவர்களுக்கு முதலில் வேண்டியது மருந்தல்ல, ஆலோசனை. எப்போது, யாரோடு, என்ன மனநிலையில் பிடிக்கிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். பிறகு அந்தத் தொடர்பை அறுங்கள். டீயை வீட்டில் போய்க் குடியுங்கள். இல்லையா, கையில் ஒரு பொட்டலம் வேர்க்கடலை. ஆசை எழும்பும், சில நிமிடத்தில் தணியும். கடக்க வேண்டியது அந்தச் சில நிமிடம்தான்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 2002-லேயே புகைப்பழக்கத்தை விட உதவும் மையம் வந்துவிட்டது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு இலவசத் தொலைபேசி உண்டு. தமிழிலேயே பேசலாம். எண், 1800 11 2356. சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். சில்லறையில் வாங்குகிறவர் கண்ணில் பெட்டி படுவதில்லை. அதனால் இன்னொரு முறை சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்: 1800 11 2356.