சோறும் சர்க்கரையும் நம் உடல்நலமும்

(வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)

 

கல்விக் கழகத்தின் விழாவில் உணவைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கருதக்கூடும். 25 ஆண்டுகளாக நாம் பிள்ளைகளைப் படிக்க வைப்பதற்கு அரும்பாடு பட்டோம். அவ்வாறு படித்து, ஒரு வேலையில் அமர்ந்த பிள்ளை, நாற்பது வயதுக்குள் பார்வை மங்கியும், காலில் புண் ஆறாமலும் வீட்டோடு முடங்கிவிட்டால், அக்குடும்பம் மீண்டும் பழைய நிலைக்கே தள்ளப்படுகிறது. ஆகவே உடலைக் காப்பதும் கல்வியின் ஒரு பகுதியே என்பது எங்கள் எண்ணம்.

முதலில் சோற்றைப் பற்றிச் சொல்லுவோம். நெல்லை விளைவித்தவர்கள் நாம். ஆயினும் நெற்சோறு நம் முன்னோருக்கு நாள்தோறும் கிடைத்ததில்லை. நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்து, களத்தில் அடித்துக் குவித்த கைகளுக்கு வீட்டில் இருந்தது கேழ்வரகுக் கூழும், கம்பங்களியும், வரகுச் சோறுமே. அரிசிச் சோறு பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் உரியதாக இருந்தது. இந்நிலை தானாக மாறவில்லை. 1967இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டமும், 1982இல் பள்ளிகளில் சத்துணவுத் திட்டமும், 2008இல் கிலோ ஒரு ரூபாய் அரிசியும், 2011இல் விலையில்லா அரிசியும் வந்தன. நம் தட்டில் உள்ள சோறு உரிமையாக வந்த சோறு. அதனை இழிவென்றோ, நஞ்சென்றோ எவரேனும் கூறினால் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அச்சோறு மட்டுமே தட்டை நிரப்புவதில்தான் இன்றைய இடர்ப்பாடு இருக்கிறது.

சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி, கிழங்கு, சர்க்கரை ஆகிய அனைத்திலும் மிகுதியாக உள்ளது கார்போஹைட்ரேட். இதனை மாவுச்சத்து என்கிறோம். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி ஆற்றல் தரும். வயிற்றில் செரித்ததும் அது குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. கணையத்தில் சுரக்கும் இன்சுலின் அந்தக் குளுக்கோஸைத் தசைகளுக்குள் செலுத்துகிறது. உழைக்கும் தசை அதனை எரிக்கிறது. உழைப்புக் குறைந்தால் மிகுதி கொழுப்பாகச் சேருகிறது. நாளடைவில் இன்சுலினுக்கு உடல் சரிவரக் கட்டுப்படாத நிலை தோன்றுகிறது. நீரிழிவு நோயின் தொடக்கம் இதுவே.

பகல் முழுவதும் வயலில் வளைந்து நின்றவர் உண்ட சோறு அன்றைக்கே எரிந்தது. இன்று அறுவடை இயந்திரம் வந்துவிட்டது. நம் பிள்ளைகள் அலுவலகத்திலும் கடையிலும் அமர்ந்து வேலை செய்கிறார்கள். உழைப்பு குறைந்தது, சோற்றின் அளவு குறையவில்லை, குழம்பில் பருப்பும் காயும் கூடவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023இல் வெளிவந்த ஆய்வின்படி, இந்நாட்டில் ஏறக்குறைய 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் அது 14.4 விழுக்காடு. அதே ஆய்வின் மற்றொரு பகுதி 2025இல் வெளிவந்தது. இந்தியர் உண்ணும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்பது அதன் முடிவு.

இது பணக்காரர் நோய் என்று இன்னும் நம்மிடையே பேசுவோர் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. 1944–45 குளிர்காலத்தில், போரின் காரணமாக நெதர்லாந்து நாட்டில் கடும் பஞ்சம் ஏற்பட்டது. அப்போது தாயின் வயிற்றில் இருந்த குழந்தைகள் ஐம்பது வயதை அடைந்தபோது, இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் அவர்களுக்குக் குறைந்திருந்தது கண்டறியப்பட்டது. கருவில் பட்ட பசி முதுமை வரை தொடர்கிறது. ஒரு குளிர்காலப் பசிக்கே இவ்விளைவு என்றால், தலைமுறை தலைமுறையாக அரைவயிற்றுக் கஞ்சியோடு பிள்ளை சுமந்த தாய்மாரின் வழிவந்த நாம் இரட்டிப்புக் கவனத்துடன் இருத்தல் வேண்டும்.

அண்ணல் அம்பேத்கரும் நீரிழிவால் வருந்தியவரே. 1954இல் பல மாதங்கள் அவர் படுக்கையில் இருக்க நேர்ந்தது, பார்வையும் குன்றியது. அந்நிலையிலும் புத்தரைப் பற்றிய தம் இறுதி நூலை எழுதி முடித்து, சில நாட்களில், 1956 டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 65. அவர் உடல் இன்னும் பத்தாண்டு ஒத்துழைத்திருந்தால் நமக்கு என்னென்ன கிடைத்திருக்கும் என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனிச் சர்க்கரைக்கு வருவோம். நம் மாவட்டம் கரும்பு மாவட்டம். நெல்லிக்குப்பத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே சர்க்கரை ஆலை எழுந்தது. கரும்பு வெட்டிக் கட்டுச் சுமந்தவர்களில் நம்மவர் பலர். அச்சர்க்கரை இப்போது வேறு வழியாக நம் வீட்டுக்குள் நுழைகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2015இல் வகுத்த நெறிப்படி, உணவில் சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குள் இருத்தல் வேண்டும். இருபதில் ஒரு பங்காகக் குறைத்தல் இன்னும் நன்று. 2000 கலோரி உண்பவருக்கு அது முறையே 50 கிராம், 25 கிராம் ஆகும். ஒரு கரண்டிச் சர்க்கரை 5 கிராம் என்று கொள்ளுங்கள். இரண்டு கரண்டி இட்ட தேநீரை நாளுக்கு நான்கு முறை பருகினால் 40 கிராம் ஆகிவிடுகிறது. குளிர்பானங்கள் பலவற்றில் 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் அளவில் சர்க்கரை கலந்திருக்கிறது. 200 மில்லிலிட்டர் புட்டி ஒன்றில் எவ்வளவு என்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே கணக்கிட்டுச் சொல்லும். வெல்லமும் கருப்பட்டியும் தேனும் இக்கணக்கில் சேர்ந்தவையே.

குழந்தைகள் செய்தியில் இன்னும் விழிப்பு வேண்டும். இரண்டாம் உலகப் போரை ஒட்டி இங்கிலாந்தில் சர்க்கரை ரேஷனில்தான் கிடைத்தது. 1953 செப்டம்பரில் அக்கட்டுப்பாடு நீங்கியது. கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் குறைந்த சர்க்கரையோடு வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு ஏறக்குறைய 35 விழுக்காடு குறைவாக இருந்ததாக 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. அழும் பிள்ளையின் வாயை மிட்டாயால் அடைக்கும் வழக்கத்தை நம் தாய்மார்கள் கைவிட வேண்டும்.

என்ன செய்யலாம்? சோற்றை நான்கில் ஒரு பங்கு குறைத்து, அவ்விடத்தில் கீரையும் காயும் பயறும் வையுங்கள். உளுந்தும் மணிலாக்கொட்டையும் நம் மாவட்டத்திலேயே விளைகின்றன. முருங்கைக்கீரை வேலியோரத்தில் கிடைக்கிறது. ரேஷன் கடையில் துவரம் பருப்பு குறைந்த விலையில் தரப்படுகிறது; அதனை வாங்காமல் விடாதீர்கள். முட்டையும் மீனும் கருவாடும் நல்ல புரத உணவுகள். மாட்டிறைச்சி உண்பவர் என்று நம்மை இழித்துப் பேசியவர் உண்டு. அதுவும் சிறந்த புரதமும் இரும்புச்சத்தும் கொண்ட உணவே. கொழுப்பு நீக்கி, அளவோடு உண்பதில் வெட்கப்பட ஏதுமில்லை. கம்பும் கேழ்வரகும் வரகும் வறுமையின் அடையாளம் என்று ஒதுக்கப்பட்டவை; அவற்றின் பெருமைக்காக ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. எனினும் அவையும் மாவுச்சத்தே, மருந்து அல்ல.

சென்னையில் நடைபெற்று 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்கள் நாள்தோறும் நடந்தும், உணவைத் திருத்தியும் வந்தார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களிடையே நோய் ஏறக்குறைய 28 விழுக்காடு குறைந்தது. நடப்பதற்குச் செலவு ஏதுமில்லை. வெள்ளாற்றங்கரை நமக்கு அருகிலேயே இருக்கிறது.

முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரை அணுகுங்கள். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரையோ ஊசியோ எடுப்பவர், பிறர் சொல் கேட்டு அவற்றை நிறுத்தலாகாது. காலில் சிறு புண் வந்தாலும் காலந்தாழ்த்தலாகாது.

இளைஞர்களே! நம் கழகத்தில் படித்த நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் தெருவில் பத்து வீடுகளைப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். எழுத்தறியாத பெரியவர்களின் பரிசோதனைச் சீட்டைப் படித்துச் சொல்லுங்கள். பொட்டலத்தின் பின்புறம் அச்சிட்டுள்ள சர்க்கரை அளவைத் தம்பி தங்கையருக்குக் காட்டுங்கள். வரும் பொங்கலுக்குள் இப்பணி தொடங்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.