கருவுற்ற மகளிரும் சாளை மீனும்



திருவனந்தபுரத்தில் குடியேறும் தமிழர் முதலில் கற்கும் உச்சரிப்புப் பாடம் ஒன்றுண்டு. ‘சாலை’ என்பது தமிழ் வணிகர் நிறைந்த பழைய கடைத்தெரு. ‘சாளை’ என்பது மத்தி மீன். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கும் தொடக்கத்தில் நாத் தடுமாறியது. இன்று நாம் பேசப்புகுவது மீனைப் பற்றி. அதனைக் கருவுற்ற மகளிர் உண்ணலாமா என்பதைப் பற்றி.

நம் அண்டை வீட்டுத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. “சாளை தின்றால் பிள்ளைக்குக் கரப்பான் வரும்” என்று தடுத்தார் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த தாயார். மருமகனோ, மீனில் பாதரசம் உண்டு என எங்கோ படித்துவிட்டு அஞ்சினார். மருத்துவர் உண்ணச் சொன்னார். அந்தப் பெண் யார் சொல்லைக் கேட்பது?

பாதரச அச்சம் வெறும் பிரமையன்று. ஜப்பானின் மினமாட்டாவில் ஓர் ஆலையின் கழிவு கடலிற் கலந்து மீன்களில் ஏறியது. 1956-இல் அந்நோய் வெளிப்பட்டது. தம்மிடம் நோய்க்குறி மிகுதியாகத் தோன்றாத தாய்மாருக்குங்கூட மூளைக் கேடுற்ற மக்கள் பிறந்தனர். இத்தகைய அச்சத்தினாலேயே 2004-இல் அமெரிக்க அரசு, கருவுற்றோர் வாரத்துக்கு 340 கிராமுக்கு மேல் மீன் உண்ணலாகாது என்று அறிவுறுத்தியது.

ஆனால் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர்ப்புறத்தில், 1991, 1992 ஆண்டுகளில் கருவுற்றிருந்த தாய்மாரைத் தொடர்ந்து கவனித்து வந்தவர்கள் 2007-இல் வெளியிட்ட முடிவு வேறாயிருந்தது. 11,875 தாய்மாருள், அந்த 340 கிராமுக்குக் குறைவாக உண்டோரின் மக்களே எட்டு வயதில் சொல்லறிவுச் சோதனையில் பின்தங்கும் வாய்ப்பு மிகுந்திருந்தது. இத்தகைய ஆராய்ச்சி ஒன்றை மட்டும் கொண்டு மீனே முழுக் காரணம் என்று சாதித்தல் முறையாகாது. எனினும் அமெரிக்க அரசே 2017-இல், பாதரசம் குறைந்த மீனை வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை உண்ணுமாறு தன் அறிவுரையை மாற்றிக்கொண்டது.

காரணம் விளங்காததன்று. கருவின் மூளையும் விழித்திரையும் உருவாக ஒமேகா-3 என்னும் கொழுப்பு வேண்டும். கடைசி மூன்று மாதங்களில் அது மிகுதியாகச் சேர்கிறது. கடல்மீனில் அதனோடு அயோடினும் உண்டு.

அப்படியாயின் எந்த மீன்? பெரிய மீன் சிறிய மீனைத் தின்று நெடுநாள் வாழ்வதால் அதனுடலிற் பாதரசம் திரள்கிறது. சாளையும் நெத்திலியும் சிறியவை, குறுகிய ஆயுளுடையவை. அமெரிக்கர் விலக்கிய பட்டியலிலோ சுறாவும், நம் நெய்மீனுக்கு நெருங்கிய உறவான மீன் ஒன்றும் இருக்கின்றன. கரப்பானுக்கு அஞ்சிச் சாளையை விலக்கும் நாமே, பிள்ளை பிறந்ததும் பால் சுரக்கவென்று சுறாப்புட்டு ஆக்கிப் படைக்கிறோம்! விருந்துக்கு நெய்மீன், ஏழைக்குச் சாளை என்னும் நம் மதிப்பீடும் இவ்விடத்தில் தலைகீழாகிறது. குடம்புளியிட்டு நன்றாக வேகவைத்த சாளைக் குழம்பே இங்கு போதும். மீன் ஒவ்வாதவர் மட்டும் விலகுக. மரக்கறி உண்போர் ஆளிவிதையும் அயோடின் உப்பும் சேர்த்துக்கொண்டு, மேற்கொண்டு மருத்துவரைக் கேட்பது நன்று.

மீன் உண்டவள் பிள்ளை மேதையாகும் என்று நாம் சொல்லவில்லை. வளர்ச்சியை நேரிற் கண்டறிய இந்நகரின் பெயராலேயே ஓர் அட்டவணை உண்டு. இங்குள்ள குழந்தை வளர்ச்சி மையத்தார் வகுத்த அதில், இரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பதினேழு செயல்கள் குறிக்கப்பட்டுள்ளன: முகம் பார்த்துச் சிரித்தல், தலை நிற்றல், தனியே நடத்தல் முதலியன. பிள்ளையின் வயதுக்கு நேரே ஒரு பென்சிலை நிறுத்திப் பார்த்தால், அதற்கு இடப்புறமுள்ளவற்றைப் பிள்ளை செய்தாக வேண்டும். இல்லையேல் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அண்டை வீட்டுப் பெண் மருத்துவர் சொல்லையே கேட்டாள். பேரன் இப்போது தனியே நடக்கிறான். பாட்டியம்மாள் இன்னும் கரப்பானைப் பற்றிப் பேசத்தான் செய்கிறார். ஆயினும் காலையில் மீன்காரியின் குரல் கேட்டதும் கூடையை இறக்கச் சொல்லி, சாளைக்கு விலை பேசுபவரும் அவரே.